ஆலிவ் தோப்புக்குத் துணை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் அக்டோபர் பிறந்தால் ஆலிவ் அறுவடை. இஸ்ரேலியக் குடியேற்றங்களை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு அது அச்சத்தின் மாதமும்கூட. கல்லெறி விழும், பறித்த காய் பறிபோகும், சில காலைகளில் மரங்களே வெட்டுண்டு கிடக்கும். 2000இல் தொடங்கிய பாலஸ்தீன எழுச்சியான இரண்டாவது இன்டிஃபாடா காலத்திலிருந்து வெளிநாட்டுத் தொண்டர்களும் இஸ்ரேலிய ஆர்வலர்களும் அந்தக் குடும்பங்களோடு தோப்புக்குள் போய் நிற்கிறார்கள். பாலஸ்தீன மக்களுக்காகச் செய்யக்கூடிய நேரடிச் செயல்களில் இதைப் போல் நேர்மையான ஒன்றை நான் அறியேன். நல்ல மனதோடு போகிறவர்களே இதைக் கெடுத்துவிட்டு வருவதுதான் வேதனை.

முதல் தவறு, சண்டைக்கு நிற்பது. குடியேறிகள் வந்து வசைபாடும்போது ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். பதிலுக்குக் கத்தினால் என்ன நடக்கும்? ராணுவ அதிகாரி அந்த இடத்தை ‘மூடிய ராணுவப் பகுதி’ என்று அறிவிப்பார். எல்லோரும் வெளியேற வேண்டும். பல குடும்பங்களுக்குக் குடியேற்றத்தை ஒட்டிய நிலத்துக்குள் போக ராணுவம் ஆண்டுக்குச் சில நாட்களே ஒதுக்குகிறது. அதில் ஒரு நாள் நம் கோபத்தால் போய்விடும். இழப்பு அந்த ஆண்டின் எண்ணெயோடு முடிவதில்லை. அந்தப் பகுதியை முன்பு ஆண்ட ஒட்டோமான் துருக்கியப் பேரரசின் 1858ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயிரிடாத நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டத்தை வைத்தே 1980களில் மேற்குக் கரையில் ஏராளமான நிலம் அரசு நிலமாக அறிவிக்கப்பட்டது. எனவே விவசாயி தன் நிலத்தில் கால் வைப்பதும், உழுவதும், பறிப்பதும்தான் போராட்டம். அன்று மாலை மூட்டைகள் வீடு போய்ச் சேர்ந்தனவா என்பதே கணக்கு. ‘போய்விடலாம்’ என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் கிளம்ப வேண்டும். ‘இருப்போம்’ என்றால் இருக்க வேண்டும். அந்த முடிவு நம்முடையது அல்ல.

ஏனென்றால் தண்டனை எல்லோருக்கும் ஒன்று அல்ல. வெளிநாட்டவர் பிடிபட்டால் பெரும்பாலும் நாடு கடத்துவார்கள். குடியேறிக்கு இஸ்ரேலியக் குடிமைச் சட்டம். விவசாயியின் மகனுக்கோ ராணுவச் சட்டம்: குற்றச்சாட்டே இல்லாமல் ஆறு மாதம் வரை அடைத்து வைக்கலாம், பிறகு அதை நீட்டிக்கலாம்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டைக் கவசமாக நினைப்பது உயிருக்கே ஆபத்து. 2003 மார்ச் 16 அன்று காஸாவின் ரஃபாவில், ஒரு வீட்டை இடிக்கவிடாமல் நின்ற அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரி ராணுவ புல்டோசரில் நசுங்கி இறந்தார். 2024 செப்டம்பர் 6 அன்று மேற்குக் கரையின் பெய்தா கிராமத்து ஆலிவ் தோப்பில் துருக்கிய-அமெரிக்க ஆர்வலர் அய்ஷெனூர் எஸ்கி எய்கி தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அவருக்கு வயது 26. அவரைக் குறிவைக்கவில்லை என்றது இஸ்ரேலிய ராணுவம். தனியாகப் போகாதீர்கள். அனுபவமுள்ள குழுவோடு, பயிற்சி பெற்று, வீட்டாரிடம் எல்லாம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்தது செல்போன். தாக்குதல் நடந்தால் முகம், வண்டி எண், நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, மூலக் கோப்பை வெட்டாமல் வைத்திருங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி. ஆனால் மரத்தடியில் தேநீர் ஊற்றும் பாட்டியின் படத்தையும், தோப்பின் இடத்தையும், பிள்ளைகளின் முகத்தையும் கேட்காமல் வலைத்தளத்தில் போடுவது, தேடி வருகிறவனுக்கு வழி காட்டுவது.

வேலை தெரியாமல் போய் நிற்பதும் குறைதான். மரத்தடியில் விரிப்பைப் போட்டு, கிளையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் மாட்டின் மடியில் பால் கறப்பதுபோல் மேலிருந்து கீழாக உருவ வேண்டும். காய்கள் சடசடவென்று விரிப்பில் உதிரும். அவசரப்பட்டுத் தடியால் அடித்தால் இளங்கிளைகள் முறியும். அடுத்த ஆண்டு காய்க்க வேண்டியவை அவைதான். பறித்ததை மூட்டையில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் சூடேறி எண்ணெயின் தரம் கெடும், ஆகவே செக்குக்கு அன்றோ மறுநாளோ போயாக வேண்டும்.

யூதர் என்றாலே எதிரி என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம். ‘மனித உரிமைகளுக்கான ரப்பிகள்’ என்ற இஸ்ரேலிய யூத மதகுருக்களின் அமைப்பினர் இதே விவசாயிகளுக்காக ஆண்டுதோறும் தோப்பில் நிற்கிறார்கள். அவர்களும் சேர்ந்து நடத்திய வழக்கில்தான், விவசாயிகள் தம் நிலத்துக்குப் போவதற்கு ராணுவம் பாதுகாப்புத் தர வேண்டும் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு களத்தில் பல நாட்கள் மதிக்கப்படுவதில்லை. ஆனாலும் அதிகாரியின் முன் எடுத்துக்காட்ட விவசாயிக்கு இருக்கும் காகிதம் அது.

போக முடியாதவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. இந்தியாவின் 11 பெரிய துறைமுகங்களில் சுமார் 3,500 தொழிலாளர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அவரவர் வேலை செய்யும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இப்படி எங்காவது இருக்கும்.

போய் வந்தவர்கள் நவம்பரோடு மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. மழைக்குப் பின் உழவு வருகிறது, வெட்டப்பட்ட மரங்களுக்குப் பதில் கன்று நட வேண்டியிருக்கிறது. அப்போது தோப்புக்குத் துணை வர ஆள் குறைவு. அந்தக் குடும்பத்தின் எண் உங்களிடம் இருக்கும். எப்போது வரலாம் என்று கேளுங்கள்.