புதுவைப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் அறவழிப் போராட்டம்: மனு எழுதுவதிலிருந்து கலைந்து போவது வரை

கோரிக்கை மனு கொடுக்காமல் தர்ணாவில் உட்காராதீர்கள். முதலில் ஒரே பக்கத்தில், மூன்று கோரிக்கைக்கு மிகாமல் எழுதுங்கள். "மெஸ் கட்டணத்தைக் குறை" என்பது முழக்கத்துக்கு நன்றாக இருக்கும். மனுவில் "உயர்த்திய கட்டணத்தை நிறுத்திவைத்து, 15 நாளுக்குள் மாணவர் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்க வேண்டும்" என்று யார், எதை, எப்போது என்பது தெரிய வேண்டும். பதிவாளருக்கு ஒன்று, மாணவர் நல டீனுக்கு ஒன்று. மூன்றாவது பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஏழு வேலை நாள் கொடுங்கள். பின்னால் விசாரணை வந்தால், "பேச்சுக்கே வராமல் கலகம் செய்தார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு அந்த முத்திரைதான் பதில்.

பதில் வராவிட்டால் அறிவிப்புக் கடிதம். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, இரண்டு ஒருங்கிணைப்பாளர்களின் பெயர், கைபேசி எண். முடியும் நேரத்தை எழுத மறந்துவிடுவார்கள். அதுதான் நிர்வாகத்தைக் கலவரப்படுத்தும். மூன்று நாள் முன்பே கொடுத்து, ஒரு நகலைக் காலாப்பட்டு காவல் நிலையத்திலும் சேர்த்துவிடுங்கள். சேர்க்கையின்போது கையெழுத்திட்ட நடத்தை விதிகளையும் எடுத்துப் படியுங்கள். அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது; 19(3) அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. இரண்டையும் தெரிந்து பேசுபவரை மிரட்டுவது கடினம். கூட்டம் கூடக் கலெக்டர் விதிக்கும் 163ஆம் பிரிவுத் தடை உத்தரவு (பழைய 144) நடப்பில் இருக்கிறதா என்றும் முதல் நாளே விசாரியுங்கள்.

இடம் தேர்வில் சறுக்கும் போராட்டங்கள் அதிகம். பிரதான வாயிலுக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலை. அதே சாலையில்தான் காலாப்பட்டின் மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. அங்கே மறியல் செய்தால் ஊர் மக்களின் ஆதரவு ஒரே நாளில் போய்விடும். உள்ளே, நிர்வாகக் கட்டடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் நிழலான இடத்தில் உட்காருங்கள். ஒரு வண்டி போகும் அளவுக்குப் பாதை விட்டு, இரண்டு ஓரத்திலும் தொண்டர்களை நிறுத்துங்கள்.

நகரம் வரை ஊர்வலம் போக நினைத்தால் இன்னொரு சிக்கல் உண்டு. காலாப்பட்டு புதுச்சேரி, தெற்கே போனால் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு, அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. ஒரு காவல்துறையிடம் வாங்கிய அனுமதி மற்றதன் எல்லையில் செல்லாது. இரண்டு பக்கமும் எழுதி வாங்குங்கள். முடியாவிட்டால் ஊர்வலத்தை வளாகத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

முற்றுகையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்து அவரை வெளியே விடாமல் இருப்பதைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிமறிப்பு 126ஆம் பிரிவுக் குற்றம், அடைத்துவைப்பு 127ஆம் பிரிவுக் குற்றம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பலப்பிரயோகம் காட்டி ஒருவரைப் பணியவைக்கப் பார்த்தால் 189இன்படி சட்டவிரோதக் கூட்டம். பொது நோக்கத்துக்காக அதில் ஒருவர் செய்யும் குற்றத்துக்கு 190இன்படி மற்றவர்களும் பொறுப்பாவார்கள். அதனால்தான் கல்லைக் கையில் எடுப்பவரை உடனே தனியே அழைத்துப் போக வேண்டும். வாசலுக்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அதிகாரி வெளியே வந்தால் எழுந்து வழிவிட்டு, முழக்கத்தை மட்டும் தொடருங்கள். வழிவிடுவது வீடியோவில் பதிவாகட்டும்.

அட்டைகளைத் தடிக்கம்பில் கட்ட வேண்டாம். கம்பு ஆயுதமாகக் காட்டப்படும். சார்ட்டை அட்டையில் ஒட்டிக் கையில் பிடித்தாலே போதும். எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கடற்காற்றில் பேனர் பாய்மரம்போல் புடைக்கும், ஆகவே துணி பேனரில் அங்கங்கே பிறை வடிவில் கீறிவிடுங்கள். சுவரில் எழுதவோ ஒட்டவோ கூடாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அறவே கூடாது.

இருபது பேருக்கு ஒரு தொண்டர், கையில் ஒரே நிறத் துணி. இருநூறு பேர் மூன்று மணி நேரம் உட்கார 20 லிட்டர் கேன் பத்தாவது வேண்டும். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு மிகுந்து உடம்புக்குக் கேடு செய்யும். உண்ணாவிரதம் என்றால் சர்க்கரை நோயாளிகளை உட்கார வைக்காதீர்கள். காலையும் மாலையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

போலீஸ் வந்தால் ஒருங்கிணைப்பாளர் இருவர் மட்டும் பேசட்டும். கலையச் சொன்னால் உத்தரவைக் கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, வரிசையாக எழுந்து போங்கள். கைதானால் காரணத்தையும், வீட்டுக்குத் தகவலையும் கேட்கும் உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி பெற வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100.

பேச்சுக்கு அழைத்தால் மூன்று பேர் போங்கள்; ஒருவர் குறிப்பெடுக்கட்டும். வாய்மொழி வாக்குறுதியோடு வெளியே வராதீர்கள். ஒப்புக்கொண்டதைத் தேதியோடு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு, கூட்டத்தின் முன் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு கேன், அட்டை, காகிதம் எல்லாவற்றையும் பொறுக்கி, பெருக்கிவிட்டு, அறிவிப்பில் எழுதிய நேரத்துக்குள் இடத்தைக் காலி செய்யுங்கள்.