'புரிஞ்சுது சார்': தொலைநிலைப் படிப்பு போனுக்குள் வந்தபிறகு நாம் செய்யும் தவறுகள்

ராத்திரி எட்டரை மணி. கூகுள் மீட்டில் வங்கிச் சரிகட்டும் பட்டியலை, அதாவது நம் ஏட்டு இருப்பையும் பாஸ்புக் இருப்பையும் ஒத்துப்பார்க்கும் கணக்கை, ஒரு மணி நேரம் நடத்திவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். சாட்டில் வரிசையாக "எஸ் சார்", "புரிஞ்சுது சார்", நடுவில் ரெண்டு கட்டைவிரல். அடுத்த வாரம் அதே கணக்கைத் தொகை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். 31 பேரில் சரியாகப் போட்டது 4 பேர். யாரும் பொய் சொல்லவில்லை. நான் போட்டுக் காட்டியபோது எல்லோருக்கும் புரியத்தான் செய்தது. தானே போடும்போதுதான் தெரிந்தது, கை ஓடவில்லை என்று.

தொலைநிலையில் பி.காம். படிக்கிற மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் என்றால் 19 வயதிலிருந்து ஐம்பதைத் தொடுகிறவர்கள் வரை. படிக்கிறவர்களும் நடத்துகிறவர்களும் இதில் செய்கிற தவறுகளைத் தோண்டிப் பார்த்தால், பார்த்ததையெல்லாம் படித்ததாக வரவு வைப்பதில்தான் போய் நிற்கும்.

அதற்கு முன்னால் சேர்க்கைத் தவறுகள். பின்னால் திருத்த முடியாதவை என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டில், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) அனுமதி தந்திருக்க வேண்டும். பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. தொலைநிலைக்கு ஓர் அனுமதி, இணையவழிக்கு இன்னொன்று. ஒன்றைக் காட்டி மற்றதில் சேர்ப்பார்கள், கவனம். மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டித் தொலைநிலைப் படிப்பு நடத்தக்கூடாது, தனியாரைக் கிளை எடுத்து நடத்தவும் விடக்கூடாது. ஆகவே, பஸ் ஸ்டாண்டு மாடியில் எங்கோ வடக்கே இருக்கிற பல்கலைக்கழகத்தின் போர்டு தொங்கி, ஒரே வருஷத்தில் டிகிரி என்றால் படியேற வேண்டாம். பொறியியல், நர்சிங், சட்டம், வேளாண்மை இதெல்லாம் தொலைநிலையில் கிடையவே கிடையாது. நம் ஊரில் வேளாண்மையைச் சொல்லித்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். இன்னொன்று: பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. இதைச் சேரும்போது எந்த சென்டரிலும் சொல்ல மாட்டார்கள். சேருவதற்கு இப்போது டி.இ.பி. ஐடி (மாணவர் அடையாள எண்) கேட்கிறார்கள். அதை உங்கள் கையால், உங்கள் நம்பரில் எடுங்கள். சென்டர்காரர் நம்பரில் எடுத்துவிட்டு, பின்னால் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர் வாசலில் போய் நிற்காதீர்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. வீடியோவுக்கு வருவோம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கிய காலத்தில் தபாலில் பாடக் கட்டு வரும். அதைப் பிரிக்காமல் பரணில் போட்டவருக்குத் தான் படிக்கவில்லை என்பது நன்றாகத் தெரியும். வீடியோவை ஓடவிட்டுக் கேட்டபடி கீரை ஆய்ந்தவருக்கு அது தெரிவதில்லை. ஆறு பாடம் பார்த்துவிட்டேன் என்று மனசு திருப்தியாகிவிடுகிறது. திருப்திதான் ஆபத்து. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பத்தியை ஒரு குழு திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது, மூன்று தடவை. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களிடம் மிச்சம் சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் சுமார் 61. தேர்வு ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே.

ஆகவே வீடியோவைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்டதை நோட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்; டேட்டாவும் மிச்சம்.

முதலில் சொன்ன அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ரொக்க ஏட்டில் இருப்பு 20,000 ரூபாய். நாம் கொடுத்த 5,000 ரூபாய் செக்கைக் கடைக்காரர் இன்னும் பேங்கில் போடவில்லை. பேங்க் 100 ரூபாய் கட்டணம் பிடித்திருக்கிறது, நமக்குத் தெரியாது. பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கும்? கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். மகளிர் குழுக் கணக்கு எழுதுகிற ஓர் அம்மா என் வகுப்பில் இருந்தார். ரெண்டு வீடியோ பார்த்தும் பிடிபடவில்லை. "உங்க குழு நோட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்துல வைங்கம்மா" என்றேன். வைத்தார், பார்த்தார். "இதைத்தான் நான் மாசாமாசம் பேங்க்ல நின்னு பண்றேனே சார்! செக் இன்னும் போகலன்னா பேங்க் கணக்குல அதிகமாத்தானே இருக்கும்" என்று சிரித்தார். 20,000, கூட்டல் 5,000, கழித்தல் 100, 24,900. நான் ஒரு மணி நேரம் பேசியதை அந்தப் பாஸ்புக் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அசைன்மென்ட் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பொதுவாக 30 மதிப்பெண் அதற்கு, 70 தேர்வுக்கு. ஜெராக்ஸ் கடையில் எழுதி விற்பதையோ சாட்ஜிபிடி தந்ததையோ அப்படியே பார்த்து எழுதினால் அந்த 30 வந்துவிடும். மிச்ச 70-க்குப் பழகிக்கொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அதோடு போய்விடும்.

அடுத்தது காலண்டர். பல்கலைக்கழகத்தின் கால அட்டவணைக்கு நம் வயல் தெரியாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அப்புறம் சம்பா நடவு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, டிசம்பரில் தேர்வு. தை அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவைத்துக் காவல் இருக்கிறவரிடம் தினம் ரெண்டு மணி நேரம் படி என்பது வேடிக்கைதான். தினமும் படிப்பேன் என்று சபதம் எடுத்து, நடவு வாரத்தில் விட்டு, வெட்கப்பட்டு, மொத்தமாக நிறுத்திவிடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். வேலை நெருக்கும் வாரங்களை முதலிலேயே நோட்டில் அடித்துவிடுங்கள். கஷ்டமான பாடத்தைக் கோடையில் முடியுங்கள். மழை மாதத்துக்கு வேண்டிய வீடியோவையும் பி.டி.எஃப்.பையும் புரட்டாசியிலேயே இறக்கி வையுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபின் எத்தனை ஊர் வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தது என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. புயல்கூட வேண்டாம், கடைசி நாளில் அசைன்மென்டை ஏற்ற உட்கார்ந்தால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒன்றே போதும்.

இனி நடத்துகிறவர்களுக்கு. எனக்கும் சேர்த்துத்தான். பெரிய தவறு, வகுப்பறையில் பேசுகிற ஒரு மணி நேரத்தை அப்படியே கேமராவுக்கு முன்னால் பேசுவது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமானாலும் ஆள் உட்கார்ந்து பார்ப்பது பொதுவாக ஆறு நிமிஷத்தைத் தாண்டவில்லை. அதைப் படித்தபின் என் ஒரு மணி நேரத்தை ஏழு துண்டாக்கினேன். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கணக்கு.

கேமராவைப் போடு என்று அதட்டுவது இன்னொன்று. ஒரே அறை வீட்டில், பின்னால் மாமனார் படுத்திருக்க, எந்த மருமகள் கேமரா போடுவாள்? நாற்பது பக்கத்தைப் போனில் படமெடுத்து, கனத்த பி.டி.எஃப்.பாக அனுப்புவதும் அப்படித்தான். விடைத்தாளை ஒரு மாதம் கழித்துத் திருத்தித் தருவதைப் பற்றி நான் பேசக்கூடாது. நானே குற்றவாளி. இப்போது மூன்று நாளுக்குள் தந்துவிடுகிறேன், பெரும்பாலும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கணக்கைக் கொடுத்து, போட்டு, நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். போன கார்த்திகையில் ஒருநாள் பாதி வகுப்பில் கரண்ட் போய், எல்லோரும் கலைந்துவிட்டோம். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஈரம் பட்டு ஓரத்தில் மை பரவிய பக்கம், அழித்து அழித்து எழுதிய எண்கள், கீழே ஒரு வரி: "25,100 வருது சார். எங்க தப்புன்னு தெரியல." 100 ரூபாய் கட்டணத்தைக் கழிக்காமல் கூட்டியிருந்தார். அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.