ஃப்ளை கட்டும் பொருட்கள்: வேலூர்ப் பக்கம் எதை எடுக்கலாம், எதை விடலாம்

தூண்டில் முள்ளில் இறகு, முடி, நூல் சுற்றிப் பூச்சி போலவோ பொடி மீன் போலவோ கட்டுவதுதான் ஃப்ளை. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் ஆன்லைனில் ஒரு பெரிய ‘கிட்’ வாங்கிவிடுகிறார்கள். அதில் பெரும்பாலானவை குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பதற்கானவை. மோர்தானா அணையிலும் காவேரிப்பாக்கம் ஏரியிலும் நமக்கு மாட்டப்போவது விராலும் ஜிலேபியும்தான். அதற்கு வேண்டியதில் பாதி ஊரிலேயே கிடைக்கும். எதை எடுப்பது என்பதில்தான் வில்லங்கம்.

முள்ளையும் நூலையும் மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்கிவிடுங்கள். முள்ளின் நம்பர் கூடக்கூட அளவு குறையும். 12ஆம் நம்பர் 6ஐ விடச் சின்னது. 1க்கு அப்புறம் 1/0, 2/0 என்று பெரிதாகும். ஜிலேபிக்கு 10 அல்லது 12 சரி. விராலின் தாடை கெட்டி, 1/0க்குக் குறைந்து போக வேண்டாம். தையல் கடை நூலைப் பலர் எடுக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நூலெங்கும் பிசிறு தெரியும். நாலு சுற்றிலேயே ஃப்ளையின் தலை உருண்டு, முள்ளின் கண்ணை, அதாவது தூண்டில் நரம்பு நுழையும் துளையை, மூடிவிடும். ஃப்ளைக்கென்றே வரும் நூலில் 140 டெனியர் (டெனியர் என்பது நூலின் பருமன் அளவு) ஒன்று இருந்தால் ரொம்ப நாளைக்கு ஓடும்.

இறகுக்குக் கறிக்கடைதான் போக வேண்டும். ஆனால் பிராய்லர் இறகு உதவாது. ஐந்தாறு வாரத்தில் வெட்டிவிடும் கோழிக்குக் கழுத்து இறகு முற்றியே இருக்காது. வெந்நீரில் முக்கிப் பறித்த இறகும் துவண்டு போயிருக்கும். வயசான நாட்டுச் சேவலின் கழுத்து, முதுகு இறகைச் சொல்லி வைத்து, உலர்வாகப் பறித்து வாங்குங்கள். வெளிநாட்டுக் கடைகளில் ‘இந்தியன் கேப்’ என்று விற்பதே நம் நாட்டுச் சேவலின் கழுத்துத் தோலைத்தான்! இறகை லேசாக வளைத்துப் பாருங்கள். தண்டின் இரு பக்கமும் இருக்கும் தூவிகள் தனித்தனியாக விறைத்து நின்றால் அது மிதக்கும் ஃப்ளைக்கு. தண்டை ஒட்டிப் பஞ்சு மாதிரி இருக்கும் அடிப்பகுதியை உருவி எறிந்துவிட வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சி ஃப்ளையை மூழ்கடிக்கும். மூழ்க வேண்டிய ஃப்ளைக்குப் பெட்டைக் கோழியின் மெத்து இறகே நல்லது. தூவியின் நீளம் முள்ளின் வாய் அகலத்தை (தண்டுக்கும் கூர்முனைக்கும் உள்ள இடைவெளியை) போல ஒன்றரை மடங்கு இருந்தால் போதும்.

ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர் என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்பு இருக்கும்போது ஆட்டு முடிக்கா பஞ்சம் என்று தோன்றும். அந்த முடி வேண்டாம். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியைக் கழற்றுகிறார்கள், அதில் முடியே வெந்து கெட்டுவிடும். கறிக்கடையில் வெள்ளாட்டு வாலைக் கேட்டால் கொடுப்பார்கள். பொடி மீன் மாதிரி கட்ட அது அருமை.

ஆனால் ஆட்டு முடியில் தவளை மாதிரி மிதக்கும் ஃப்ளை கட்ட முயன்று மல்லுக்கட்டாதீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் அதற்கு எடுப்பது மான் முடி. உள்ளே காற்றறைகள் இருப்பதால் நூலை இறுக்கியதும் அது விரிந்து நிற்கும், மிதக்கும். ஆட்டு முடிக்கு அந்தக் குணம் கிடையாது. அதற்காக ஜவ்வாது மலைப் பக்கம் யாராவது மான் தோல் தருகிறேன் என்றால் கிட்டவே போகாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். தவளைக்கு ஃபோம் இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கழிவாகும் கெட்டி சோல் ஷீட் வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிராஃப்டுக்கு விற்கும் 2 மில்லிமீட்டர் மெல்லிய ஷீட் போதும். முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு அப்புறம் இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் இழுத்தால் நூல் ஃபோமை அறுத்துவிடும்.

கடைசி முடிச்சில் ஒரு சொட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ் வைத்தால் போதும். முள்ளின் கண்ணில் இறங்கிவிட்டால், காய்வதற்குள் ஒரு இறகுத் தண்டை நுழைத்து எடுங்கள்.

கறிக்கடை இறகையும் வாலையும் அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள், வண்டு வந்து மற்றதையும் சேர்த்துத் தின்றுவிடும். வாலில் எலும்பையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு உப்புத் தடவிக் காய வையுங்கள். இறகை ஷாம்பூ போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். பிறகு இரண்டையும் காற்றுப் புகாத கவரில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வீட்டில் அதற்கு அனுமதி வாங்குவது உங்கள் பாடு.