வங்கி பத்தாயம் அல்ல: பேரியல் பொருளாதாரத்துக்குள் மாற்று வழியில் நுழைவோர் சறுக்கும் இடங்கள்

கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடிப் பேரியல் பொருளாதாரம், அதாவது நாடு முழுவதன் வருமானம், வேலை, விலை பற்றிய பாடம், படிக்கிறோம். சில கல்லூரி மாணவர்கள், ஒரு நெல் வியாபாரி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முப்பது ஆண்டுகள் டெல்டா கிளைகளில் வங்கி வேலை பார்த்த நான். வழக்கமான பாடநூலில் தொடங்காமல் கீன்ஸ், கலெட்ஸ்கி, மின்ஸ்கி, மார்க்ஸ் என்று மாற்றுச் சிந்தனையாளர்கள் வழியாக நுழைந்தோம். நல்ல வழிதான், ஆனால் வழுக்கும் வரப்பு. பெரும்பாலான இடங்களில் நானே விழுந்து எழுந்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் வாரமே நடப்பது கட்சி சேர்வது. "சார், நீங்கள் கீன்ஸா, மார்க்ஸா?" என்று ஒரு மாணவர் கேட்டார், ஏதோ சொந்த ஊரை விசாரிப்பதைப் போல. ‘மாற்று’ என்பது ஒரே முகாம் அல்ல. 1974ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசை ஹயெக்கும் குன்னார் மிர்தாலும் பகிர்ந்துகொண்டார்கள். முன்னவர் மையத் திட்டமிடலைக் கடுமையாக எதிர்த்தவர். பின்னவர் ஸ்வீடனின் நலஅரசுக் கொள்கைக்கு வாதாடியவர். இருவரையும் ஒரே அலமாரியில் அடுக்கினால் இருவருமே புரியமாட்டார்கள். பெயர்களைத் துரத்துவதை விட்டுவிட்டு ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போவது மேல். எங்கள் கேள்வி நெல் வியாபாரி போட்டது: விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டிலும் கடைத்தெருவில் ஏன் பணம் புரளவில்லை?

இதற்கு எங்களுக்கு வந்த முதல் பதில், "சனங்கள் சிக்கனமாகிவிட்டார்கள், நல்லதுதானே" என்பது. இங்கேதான் இரண்டாவது சறுக்கல். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது ஒரு வீட்டுக்குச் சரியான பேச்சு. ஊர் முழுவதும் ஒரே மாதத்தில் அப்படிக் கட்ட ஆரம்பித்தால், ஜவுளிக்கடைக்காரருக்கு வரவு குறையும். அவர் கடைப்பையனை நிறுத்துவார். அவன் வீட்டில் செலவு சுருங்கும். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. 1936இல் கீன்ஸ் தன் பெரிய நூலில் வாதிட்டதும், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கலெட்ஸ்கி போலிஷ் மொழியில் எழுதியதும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான். அறுவடைக்கும் இது பொருந்தும். ஒரு விவசாயி அதிகம் விளைவித்தால் அவருக்கு லாபம். எல்லோர் நெல்லும் ஒரே வாரத்தில் களத்துக்கு வந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கினால், தனியாரிடம் வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். வீட்டுக் கணக்கைப் பெருக்கி நாட்டுக் கணக்கு போடக் கூடாது.

மூன்றாவது சறுக்கல் எனக்குச் சொந்தமானது, சொல்லவே வெட்கம். வங்கியை நான் ஒரு பத்தாயமாகத்தான் நினைத்திருந்தேன். ஒருவர் நெல்லைக் கொட்டி வைக்கிறார், அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறோம் என்று. ஆனால் நான் தினமும் செய்த வேலை வேறு. நகைக்கடனுக்கு ஒரு அம்மா வருவார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, எடை போட்டுச் சீட்டு எழுதுவார். நான் கடன் கணக்கில் பற்று எழுதி, அந்த அம்மாவின் சேமிப்புக் கணக்கில் வரவு வைப்பேன். வேறு எந்த வாடிக்கையாளரின் பாஸ்புக்கிலும் ஒரு ரூபாய் குறைந்தது கிடையாது. அந்த வைப்புத்தொகை என் பேனாவிலிருந்து பிறந்தது! கீன்ஸுக்குப் பின்வந்த மாற்றுப் பொருளாதாரர்கள் பல காலம் சொல்லிவந்த இதை, 2014இல் இங்கிலாந்தின் மத்திய வங்கி தன் காலாண்டு இதழில் வெளிப்படையாகவே விளக்கியது. வங்கி இஷ்டத்துக்குப் பணம் படைக்கலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. கடனுக்கு ஏற்ற சொந்த முதலை வங்கி வைத்திருக்க வேண்டும் என்ற மூலதன விதி உண்டு, ரிசர்வ் வங்கியின் வட்டி உண்டு, அந்த அம்மா வேறு வங்கிக்குப் பணம் அனுப்பினால் நாங்கள் அந்த வங்கிக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு உண்டு, கடன் திரும்புமா என்ற கவலை எல்லாவற்றுக்கும் மேல் உண்டு.

இதன் மறுபாதியைப் பலர் படிக்காமல் விடுகிறார்கள். கடனை அடைத்தால் அந்தப் பணம் மறைந்துவிடுகிறது. நெல் கொள்முதல் பணம் விவசாயி கணக்கில் விழுகிறது. அதே வாரம் அவர் நகையை மீட்கிறார். கடனும் வைப்பும் ஒன்றாகக் கணக்கேட்டிலிருந்து போய்விடுகின்றன. ஊரே நகை மீட்கும் மாதத்தில் கடைத்தெரு காய்வதில் ஆச்சரியம் என்ன? நான் சொன்னதும் வியாபாரி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதைப் புரிந்துகொண்டவர் அடுத்து விழுவது எதிர்ப்பக்கம்: "அப்படியானால் அரசு அச்சடித்துக் கொடுத்துவிடலாமே!" நவீன நாணயக் கோட்பாட்டை அரைகுறையாகக் கேட்டதன் விளைவு. பணம் தீர்ந்துபோகாது என்று அந்தக் கோட்பாடு சொல்வது தன் சொந்த நாணயத்தை வெளியிடும் அரசைப் பற்றி. தமிழ்நாடு அரசு ரூபாய் வெளியிட முடியாது. பத்திரம் விற்றுக் கடன்தான் வாங்க வேண்டும். ஒன்றிய அரசுக்கும்கூட எல்லை பணத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது. டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. எந்த நோட்டு அந்தக் குறுவைக்குப் பாய்ந்திருக்கும்? அரசு செலவு கூலியாக மாறும்போது முதலில் கூடுவது சோற்றுக்கான தேவை என்றும், உணவு உற்பத்தி ஈடுகொடுக்காவிட்டால் விலை ஏறி அந்தக் கூலியையே தின்றுவிடும் என்றும் வளரும் நாடுகளைப் பற்றி கலெட்ஸ்கி எச்சரித்தார். விலைவாசி என்றாலே நோட்டு அச்சடிப்பு என்று முடிவு கட்டுவோரும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

மின்ஸ்கியைப் படிப்பவர்கள் அவரை ஒழுக்கப் பாடமாக்கிவிடுகிறார்கள். அவர் கடனாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார்: அசலும் வட்டியும் கட்ட வரவு உள்ளவர், வட்டி மட்டும் கட்டி அசலைப் புதுக்கடனாக மாற்றி வைப்பவர், வட்டிக்கே புதுக்கடன் தேடுபவர். எங்கள் கிளையில் மூவரையும் பார்த்தேன், சில சமயம் ஒரே ஆளை மூன்று ஆண்டுகளில். ஊதாரித்தனம் இங்கே பேச்சே அல்ல. நாலு போகம் நன்றாக வந்தால் கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் துணிச்சல் கூடுகிறது, அமைதியே ஆபத்தை வளர்க்கிறது என்பதுதான் அவர் வாதம்.

வீட்டில் நடக்கும் கூலியில்லா வேலை நாட்டு வருமானக் கணக்கில் வருவதில்லை என்பதை எங்கள் ஆசிரியை நினைவூட்டினார். அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம். வழக்கமான பாடநூலைத் தொடவே மாட்டேன் என்று விரதம் இருப்பதும் தவறுதான். எதை மறுக்கிறார்கள் என்று தெரியாமல் மறுப்பை எப்படிப் படிப்பது?

வியாபாரிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நகை மீட்பு சரி, ஆனால் வெளி மாவட்டத்திலிருந்து வரும் அறுவடை இயந்திரத்தின் வாடகை எந்தக் கடைத்தெருவில் செலவாகிறது என்று கேட்கிறார். முன்பு அது ஊரில் இருந்த அறுப்பு ஆட்களின் கூலி. அடுத்த வாரம், இயந்திரம் ஆட்களின் இடத்தைப் பிடிப்பதைப் பற்றி எழுதிய மார்க்ஸை எடுக்கிறோம்.