வெளியூர்த் திருமண வீட்டாருக்குக் கேக் மாதிரி அனுப்பும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கேக் செய்பவரிடம் சுவை பார்க்க, சாலை வழியாக 570 கி.மீ. தொலைவிலுள்ள ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தோ 1,600 கி.மீ.க்கும் அப்பாலுள்ள கேப் டவுனிலிருந்தோ மணமக்கள் நேரில் வருவது எளிதல்ல. எனவே மாதிரிகளைக் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எதை அனுப்புவது என்பதே முதல் முடிவு. பழக் கேக்கும் வெண்ணெய்க் கேக்கும் பயணத்தைத் தாங்கும். ஃப்ரெஷ் கிரீமோ கஸ்டர்டோ நிரப்பிய கேக்கைச் சாதாரணக் கூரியரில் அனுப்பவே கூடாது. பட்டர் கிரீம் இங்கு கோடையான டிசம்பரின் வெயிலில் உருகிவிடும் என்பதால், அதை மூடியுள்ள சிறு கிண்ணத்தில் தனியே வைப்பது நல்லது.

நன்றாக ஆறிய கேக்கை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளும் சுற்றி, ஓர் இரவு முழுவதும் உறைய வையுங்கள். பிறகு டப்பாவில் இடைவெளியின்றி அடுக்கி, அந்த டப்பாவை உறைந்த ஜெல் பைகளோடு தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். உறையைப் பிரிக்காமலேயே குளிர் தணிய விடும்படி வாடிக்கையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போதுதான் நீர்த்துளிகள் உறையின்மேல் படியும், கேக் நசநசக்காது.

நம் குடும்பங்களில் முட்டை சேர்க்காத பெரியவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கான கேக்கைத் தனித் தட்டில் சுட்டு, தனிக் கத்தியால் வெட்டி, தனி டப்பாவில் பெயரெழுதி அனுப்புவதே மரியாதை. முந்திரி, பாதாம் சேர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

பொதி வார இறுதியில் கிடங்கில் தங்காதிருக்க, திங்கள் அல்லது செவ்வாயன்று, மறுநாளே சேரும் சேவையில் அனுப்புங்கள். டிசம்பர் 16 பொது விடுமுறை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.