நண்பருக்கு ஒரு ஆல்பம் கொடுப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

ஒரு பாட்டின் லிங்கை நண்பருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். ஒரு முழு ஆல்பத்தை அவர் உட்கார்ந்து கேட்கும்படி செய்வதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். முன்பு ஒருமுறை நாற்பது பாட்டுகளைச் சேர்த்து ஒரு பிளேலிஸ்ட் செய்து பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினேன். "சூப்பர்", "கண்டிப்பா கேக்கறேன்" என்று பதில்கள் வந்தன. ஒரு மாதம் கழித்து விசாரித்தபோது, மூன்றாவது பாட்டைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது எல்லாம் இருந்தது. அந்தப் பத்துப் பேரில் யாருக்கும் உரியது என்று எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு சமயத்தில் ஒருவருக்கு ஒரு ஆல்பம்தான் கொடுக்கிறேன். அதைச் செய்யும் விதம் கீழே.

படி 1: முதலில் ஆள், அப்புறம் ஆல்பம்

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் ஒரு ஆல்பத்தை வைத்துக்கொண்டு யாருக்கு அனுப்பலாம் என்று தேடுகிறார்கள். நீங்கள் நண்பரிடமிருந்து தொடங்குங்கள். "உனக்கு எந்த மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால், "எல்லாம் கேப்பேன்" என்ற பதில்தான் வரும். "சமீபத்துல திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு எது?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வரும். அந்தப் பாட்டில் அவரைப் பிடித்து வைத்தது எது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

இதற்கு அவரையே கவனித்தால் போதும். என் நண்பர்களில் ஒருவர் பிடித்த பாட்டைப் பற்றிப் பேசினால் வரிகளைச் சொல்லிக் காட்டுவார். இன்னொருவருக்கு வரிகள் நினைவிலேயே இருக்காது; மேசை விளிம்பில் இரண்டு விரலால் டிரம்ஸ் தாளத்தைத் தட்டிக் காட்டுவார். மூன்றாமவர் பல்லவியை விட்டுவிட்டு, நடுவில் வரும் வயலினை மட்டும் முணுமுணுப்பார். மூவரும் ஒரே பாட்டைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவருக்கும் கொடுக்க வேண்டிய ஆல்பம் வேறு வேறு.

அவர் எப்போது கேட்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தினம் அரை மணி நேரப் பயணத்தில் மட்டும் கேட்பவருக்கு 70 நிமிட ஆல்பம் பாரமாகிவிடும்.

படி 2: அளவு பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்தால் கைகொடுக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பதிய முடியும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகள் தைத்த புத்தகம் போன்ற அட்டைக்குள் வைத்து விற்றார்கள். புகைப்பட ஆல்பம் போல இருந்ததால் அதற்கும் ஆல்பம் என்றே பெயர் வந்தது. 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்த பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அடங்கியது. 1982-இல் வந்த சிடியில் 74 நிமிடம்.

எல்பி காலத்து ஆல்பங்கள் பல 35 முதல் 45 நிமிடத்துக்குள் முடிவதற்கு எல்பி தட்டின் இந்த இரண்டு பக்க அளவுதான் காரணம். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த அளவு பொருத்தமானது. அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆல்பத்தின் நடுவில் தட்டைத் திருப்ப வேண்டும் என்பதால், முதல் பக்கத்தை ஒரு முடிவு மாதிரியும் இரண்டாம் பக்கத்தை ஒரு புதுத் தொடக்கம் மாதிரியும் அமைத்தவர்கள் நிறைய. போனில் கேட்கும்போது அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிவிடலாம்: "அஞ்சாவது பாட்டு முடிஞ்சதும் நிறுத்திக்கோ, மீதியை நாளைக்குக் கேளு." முழுசாகக் கேட்க நேரமில்லை என்பவர்கூட இப்படி இரண்டு நாளில் கேட்டுவிடுவார்.

இன்னொன்று. உங்களுக்கு உயிரான ஆல்பத்தையே முதலில் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கே பத்துத் தடவை கேட்ட பிறகு பிடிபட்டது என்றால் அது இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கட்டும். இரண்டாம் தடவையிலேயே உங்களை இழுத்த ஒன்றைக் கொடுங்கள்.

படி 3: ஒரு வாசல் பாட்டு

ஆல்பத்துக்குள் நுழைய ஒரே ஒரு பாட்டைச் சொல்லுங்கள். அது முதல் பாட்டாக இருக்க வேண்டியதில்லை, பிரபலமான பாட்டாகவும் இருக்க வேண்டியதில்லை. படி 1-இல் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எந்தப் பாட்டில் இருக்கிறதோ அதுதான் வாசல்.

படி 4: கூட நாலு வரி எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. வெறும் லிங்கைப் பார்த்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். "வேற லெவல், கேட்டே ஆகணும்" என்பதும் உதவாது. அவ்வளவு பெரிதாகச் சொன்னால், கேட்டு முடித்ததும் தானும் வியக்க வேண்டுமே என்ற சுமை அவர் மேல் ஏறிவிடும். நான் எழுதும் சேதி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"அன்னிக்கு ரயில்ல ஒரு பாட்டோட புல்லாங்குழல் பகுதியை மட்டும் நாலு தடவை திருப்பிக் கேட்டியே, இதைக் கேக்கும்போது அந்த ஞாபகம் வந்துச்சு. நாலாவது பாட்டுல ஆரம்பி. 2 நிமிஷம் 10 செகண்டுல எல்லா வாத்தியமும் நின்னு குரல் மட்டும் தனியா வரும். மொத்தம் 38 நிமிஷம். ராத்திரி, ஹெட்போன்ல. பிடிக்கலைன்னாலும் சொல்லு."

இதில் ஏன் உனக்கு, எங்கே தொடங்கு, எதைக் கவனி, எவ்வளவு நேரம், எப்படிக் கேள் எல்லாம் வந்துவிட்டன. நேரத்தைக் குறிப்பாகச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். 2 நிமிடம் 10 நொடியில் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தால், அதுவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அந்தக் கவனத்தில் மற்றதும் காதில் விழும். கடைசி வரியும் அவசியம். பிடிக்கவில்லை என்று சொல்ல வழி இருந்தால்தான், பிடித்திருக்கிறது என்று அவர் சொல்லும்போது அதை நம்ப முடியும்.

படி 5: அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

நண்பர் வேறு செயலி பயன்படுத்துபவராக இருக்கலாம். லிங்கோடு ஆல்பத்தின் பெயர், கலைஞரின் பெயர், வெளியான வருடம் மூன்றையும் எழுதிவிடுங்கள். ஒரே பெயரில் பல ஆல்பங்கள் இருக்கும்.

எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். டீலக்ஸ் பதிப்புகளில் கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஒத்திகைப் பதிவுகள், மாற்று வடிவங்கள் என்று பலதும் ஒட்டிக்கொண்டிருக்கும். கலைஞர் நினைத்த முடிவு அங்கே கரைந்து போகிறது. முதல்முறை கேட்பவருக்கு மூலப் பதிப்பே போதும்.

பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிளை அணைக்கச் சொல்லுங்கள். 2021 நவம்பரில், பாடகி அடெல் கேட்டுக்கொண்டதை அடுத்து, ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் முதலில் வரும் முறையை ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி மாற்றியது. பாட்டுகளின் வரிசையைப் பலமுறை யோசித்துத்தான் அமைக்கிறோம் என்பது அவர் வாதம். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு கலக்கும் கிராஸ்ஃபேட் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடலாம்.

படி 6: முடிந்தால் சேர்ந்து கேளுங்கள்

ஒரு பயணத்தில் நானும் நண்பரும் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு கேட்டோம். "இந்த வயலின் எப்படி?" என்று கேட்டேன். "எந்த வயலின்?" என்றார். இடத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது அவர் முகம் மலர்ந்தது, எனக்கு வயலின் காணாமல் போயிற்று. ஸ்டீரியோ பதிவில் சில வாத்தியங்களை இடது பக்கமோ வலது பக்கமோ மட்டும் வைத்திருப்பார்கள். பாதி இயர்போனில் பாதி இசைதான் கிடைக்கும். இதற்குத் தீர்வு போனிலேயே இருக்கிறது: அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் இரண்டு பக்க ஒலியும் கலந்து இரண்டு காதுக்கும் வரும். கேட்டு முடித்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

பாட்டு ஓடும்போது நண்பரின் முகத்தையே பார்க்காதீர்கள். "இப்ப வரும் பாரு" என்று இடையில் பேசவும் வேண்டாம்.

படி 7: பொறுமையாக இருங்கள்

உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன் மேல் பிடித்தத்தை வளர்க்கும் என்று காட்டியது. இசையில் இதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். முதல் தடவை அந்நியமாக இருந்த மெட்டு மூன்றாம் தடவையில் நமக்கு முன்னால் ஓடத் தொடங்கும். ஆகவே ஒரு வாரமாவது விடுங்கள். பிறகு "பிடிச்சுதா?" என்று கேட்காமல், "எந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டே?" என்று கேளுங்கள். எதையும் திரும்பக் கேட்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

படி 8: அவரிடமும் ஒன்று கேளுங்கள்

நீங்கள் கொடுத்ததைக் கேட்டவரிடம் அவருடைய ஆல்பம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். "நல்லா இருந்தது" என்று முடிக்காமல், ஒரு இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: "ஆறாவது பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அவர் மூச்சு வாங்கற சத்தம் கேக்குது." இப்படி ஒரு வரி போனால், அடுத்த ஆல்பம் அவரிடமிருந்து தானாகவே வரும்.

இதற்கென்று நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு நாலு பத்திகள்: தேதி, ஆள், ஆல்பம், அவர் திரும்பக் கேட்ட பாட்டு. ஒருவருக்கு அடுத்த ஆல்பம் தேட உட்கார்ந்தால், அவர் பெயருக்கு நேரே அந்த நாலாவது பத்தியில் என்ன எழுதியிருக்கிறேன் என்றுதான் முதலில் பார்ப்பேன்.