பெட்டி வரவில்லை, மாத்திரை அதற்குள்: கப்பல் பயணத்தின் முதல் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை குரூஸ் கப்பலில் போனபோது நானும் மனைவியும் செய்த தவறுகள் அத்தனையும் முதல் ஆறு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டன. அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. இன்னும் இரண்டு தடவை போய் வந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. கப்பலை ஒரு பெரிய ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டு ஏறியிருக்கிறோம். லிஃப்ட், வரவேற்பு மேஜை, அறைச் சாவியாக ஒரு கார்டு என்று பார்ப்பதற்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஹோட்டலில் நள்ளிரவுக்குப் போய் நின்றாலும் சாவி கொடுப்பார்கள்.

கப்பலில் அது நடக்காது. மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்று போட்டிருந்தால், 5 மணி வரை ஏறலாம் என்று அர்த்தம் கொள்ளக் கூடாது. பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே செக்-இன் முடிந்துவிடும். அதனால் அன்று காலை விமானத்தைப் பிடித்து அப்படியே துறைமுகத்துக்கு ஓடுவது பெரிய சூதாட்டம். முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்த் தூங்கி எழுந்து கிளம்புங்கள். கப்பலை விட்டுவிட்டால், அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே ஏற அனுமதி கிடைக்குமா என்பதுகூட அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

காகிதங்களில் தம்பதிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. திருமணத்துக்குப் பிறகு மாற்றிய பெயரில் டிக்கெட், பழைய பெயரில் பாஸ்போர்ட். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். விசாவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கப்பல் ஒரு நாட்டில் கிளம்பி, வேறொரு நாட்டைத் தொட்டு, மறுபடி கிளம்பிய இடத்துக்கே வருகிறது என்றால் அது கணக்கில் இரண்டாவது நுழைவு. ஒரே முறை நுழையும் விசா அதற்குப் போதாமல் போகலாம். ‘அந்த ஊரில் நாங்கள் இறங்கப்போவதே இல்லை’ என்ற சமாதானமும் எல்லா நாட்டிலும் செல்லாது.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளைப் போர்ட்டர்கள் வாங்கிக்கொள்வார்கள். கையை வீசிக்கொண்டு உள்ளே போகலாம், சுகம்தான். ஆனால் டேக் கட்டிய அந்தப் பெட்டி ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு ஸ்கேன் ஆகி, தளம் தளமாகப் பிரிந்து, நம் கேபின் வாசலுக்கு வர மாலை ஆகிவிடும். எங்கள் பெட்டிகளில் ஒன்று நாலரை மணிக்கு வந்தது. இன்னொன்று வரவே இல்லை. கப்பல் துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மனைவி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்திரை எங்கங்க?”

“பெட்டியில.”

“எந்தப் பெட்டியில?”

நான் பதில் சொல்லாமல் வரவேற்பு மேஜைக்குப் போனேன். கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். சுவரோரமாகப் பத்திருபது பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு ஸ்டிக்கர். என் பெட்டியை என்னையே திறக்கச் சொன்னார் பாதுகாப்பு ஊழியர். என் சட்டையில் சுருட்டி வைத்திருந்த சின்ன இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, ரசீது எழுதிக் கொடுத்தார்.

நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. கடலோடிகள் மிகவும் அஞ்சும் விஷயங்களில் ஒன்று நெருப்பு. இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் கெட்டில், மெழுகுவர்த்தி எல்லாம் பெரும்பாலான கப்பல்களில் தடை. மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் அமைப்புள்ள (சர்ஜ் புரொடெக்டர்) எக்ஸ்டென்ஷன் பலகை வீட்டில் பாதுகாப்பானதாக இருக்கலாம், கப்பலின் மின் இணைப்பு முறைக்கு அது ஒத்துவராது என்பதால் அதையும் எடுத்துவைத்துவிடுவார்கள்.

ஆகவே பாஸ்போர்ட், மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, சார்ஜர், ஒரு செட் மாற்றுத்துணி இவை தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். மதியமே நீச்சல் குளத்தில் இறங்கும் ஆசை இருந்தால் அந்த உடையும் அதில்தான். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று விழிப்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். ‘உன் பெட்டி, என் பெட்டி’ என்று பிரிக்காமல் இருவர் துணியையும் இரண்டிலும் பாதிப் பாதியாக வையுங்கள். ஒன்று தாமதமானாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

தலைசுற்றல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை கையில் இருந்தாலும் அன்று நாங்கள் தாமதம்தான். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் சரியாக வேலை செய்யாது, முன்கூட்டியே போட வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு முன்னதாக என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பல மாத்திரைகள் தூக்கம் வரவைப்பவை. காட்சிக்கு ஆசைப்பட்டு மேல்தளத்தில் முன்பக்கக் கேபினை எடுத்தது எங்கள் இன்னொரு தவறு. ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில். பக்கவாட்டில் உருள்வதைக் குறைக்கப் பெரிய கப்பல்களின் இருபுறமும் நீருக்கடியில் துடுப்பு மாதிரியான நிலைப்படுத்திகள் உண்டு. முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவை அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. அந்த ஆட்டம் அதிகம் தெரிவது முன்முனையில். தலை சுற்றினால் கேபினுக்குள் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதீர்கள். டெக்குக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். உடம்பு உணரும் அசைவைக் கண்ணும் பார்த்துவிட்டால் மூளையின் குழப்பம் குறையும்.

இனி நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகும் விஷயம்: பாதுகாப்பு ஒத்திகை. மஸ்டர் டிரில் என்பார்கள். ‘சுற்றிப் பார்க்க வந்தோமா, பாடம் படிக்க வந்தோமா’ என்று முணுமுணுப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் சிவிடவேக்கியா துறைமுகத்தில் நூற்றுக்கணக்கானோர் ஏறியிருந்தார்கள். அவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை, ஏனென்றால் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. 2015 முதல் சர்வதேச விதி மாறியது. இப்போது கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

இப்போது பல கப்பல்களில் செயலியிலோ டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, ஆபத்து நேரத்தில் கூடுவதற்கு நமக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேரில் போய்க் கார்டை ஸ்கேன் செய்ய வேண்டும். வீடியோ பார்த்ததோடு முடிந்தது என்று நினைப்பதும், கணவர் போய் இரண்டு கார்டையும் காட்டி முடித்துவிடலாம் என்று நினைப்பதும் வேலைக்கு ஆகாது. இருவருமே போக வேண்டும். போகும்போது லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் போங்கள், ஆபத்து நேரத்தில் அந்த வழிதான். ஏழு குறுகிய ஒலி, அடுத்து ஒரு நீண்ட ஒலி: இதுதான் அபாய அறிவிப்பு. அது ஒலிக்கும்போது ஒருவர் நீச்சல் குளத்தில், இன்னொருவர் நூலகத்தில் இருந்தால்? ஒருவரையொருவர் தேடி அலையக் கூடாது. இருவரும் நேரே அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். இதை முதல் நாளே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் போன். கரையை விட்டு விலகியதும் ஏர்பிளேன் மோட். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வழி மொபைல் நெட்வொர்க்கை அது தானாகப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் பில் வீட்டுக்கு வந்து சேரும். நேரமும் போனை நம்பினால் சிக்கல்தான். துறைமுகத்தில் இறங்கியதும் போன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடலாம், ஆனால் நாம் திரும்ப வேண்டியது கப்பல் நேரப்படி. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

செலவெல்லாம் அறைக் கார்டிலேயே ஏறும் என்பதால் காசு போவது தெரியாது. கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுத்தால், செலவு செய்யாத தொகையைக்கூடச் சில நாள் வங்கியில் முடக்கி வைக்கலாம். கிரெடிட் கார்டு மேல். பாதிப் பயணத்தில் ஒரு தடவை கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கேபின் சிறியதுதான். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் பாதி இடப் பிரச்சினை தீரும். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். குளியலறை வாசலில் உயர்ந்திருக்கும் விளிம்பில் முதல் நாள் எல்லோரும் ஒரு முறை இடித்துக்கொள்வார்கள். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவைத் திறந்தால் காற்று கதவைப் படாரென்று அறைந்து சாத்தும், விரலைக் கவனியுங்கள். கை கழுவச் சோம்பல்பட்டு வாசலில் வைத்திருக்கும் சானிடைசரைத் தடவிக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள். கப்பல்களில் வாந்திபேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது, சோப்பும் தண்ணீரும்தான் சரி.

கடைசி நாள் காலை, இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப வாங்க ரசீதோடு அதே கீழ்த்தள அறை வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரும் இஸ்திரிப் பெட்டிக்குத்தான் வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.